வெம்பிளியில் சர்வதேசக் கால்பந்து: வீட்டில் ஒருவரையும் விட்டுவிடாமல் லண்டன் சென்று வர முழுமையான வழிகாட்டி

வெம்பிளிக்கு ஆட்டம் பார்க்க வருகிறவர்கள் முதலில் டிக்கெட் வாங்குகிறார்கள். பிறகு அறை எடுக்கிறார்கள். கடைசியில், பெட்டி கட்டும்போதுதான், "அம்மாவால் படி ஏற முடியாதே" என்று நினைவுக்கு வருகிறது. அதற்குள் வாங்கிய இருக்கை உச்சி மட்டத்தில் இருக்கும், எடுத்த அறை லிப்ட் இல்லாத நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும்.

நான் வெம்பிளிக்கு இரண்டு நிலையம் தள்ளி வசிக்கிறேன். முழங்கால் வலியுள்ள அம்மா, இரைச்சலுக்கு அஞ்சும் அக்கா மகன், சக்கர நாற்காலியில் வரும் நண்பர் என்று பலரையும் அந்த மைதானத்துக்கு அழைத்துப் போயிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் தடுமாறியது ஏற்பாட்டின் வரிசையில்தான். அந்த வரிசையை இங்கே தருகிறேன். 2028 யூரோ எனப்படும் ஐரோப்பியக் கால்பந்துப் போட்டியின் இரண்டு அரையிறுதிகளும் ஜூலை 9 அன்று இறுதி ஆட்டமும் வெம்பிளியில் நடக்கவிருக்கின்றன. இங்கிலாந்து அணியின் சொந்த மண் ஆட்டங்களும் பெரும்பாலும் இங்கேதான். இரண்டுக்கும் இந்த வரிசை பொருந்தும்.

1. முதலில் ஒரு தாள், பிறகுதான் டிக்கெட்

குழுவில் உள்ள ஒவ்வொருவர் பெயரையும் எழுதி, எதிரே நான்கு விடைகளைக் குறியுங்கள். எத்தனை படி ஏறி இறங்க முடியும்? உட்காராமல் எவ்வளவு நேரம் நிற்க முடியும்? எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை கழிவறை வேண்டும்? நெரிசலையும் பேரிரைச்சலையும் தாங்க முடியுமா?

விடையை அவரவரிடமே கேளுங்கள், ஆனால் கேட்கும் விதத்தில் கவனம் வேண்டும். "நடப்பீர்களா?" என்று கேட்டால் நம் வீட்டுப் பெரியவர்கள் "எனக்கென்ன, நன்றாக நடப்பேன்" என்றுதான் சொல்வார்கள். அம்மாவிடம் நான் வேறு மாதிரி கேட்டேன்: "போன வருடம் தேர் பார்க்கப் போனபோது எவ்வளவு நேரம் கழித்து உட்கார இடம் தேடினீர்கள்?" இருபது நிமிடம் என்று விடை வந்தது. அந்த இருபது நிமிடத்தை வைத்துத்தான் பிறகு எல்லாவற்றையும் திட்டமிட்டேன்.

சைவம், ஹலால், தொழுகை நேரம், வேளை தவறக்கூடாத மருந்து ஆகியவற்றையும் அதே தாளில் சேருங்கள். இருக்கை வகை, ரயில் நிலையம், அறை மூன்றும் இந்தத் தாளிலிருந்துதான் பிறக்கின்றன. யாருக்கு மிகக் கடினமோ அவருக்காகத் திட்டமிட்டால் மற்றவர்களுக்கு எந்த நட்டமும் இல்லை. மாற்றிச் செய்தால் அவர் ஒருவர் மட்டும் வீட்டிலேயே தங்கிவிடுவார். இப்படித் தங்கிவிட்டவர்கள் பலரை நான் அறிவேன்.

2. விசா: நாட்காட்டியில் எப்போது தொடங்குவது

இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்கு பிரிட்டனின் வருகையாளர் விசா தேவை. பயண நாளுக்கு மூன்று மாதம் முன்பிருந்துதான் விண்ணப்பிக்கலாம். வழக்கமாக மூன்று வாரத்தில் முடிவு வரும். கோடையில் விரல்ரேகை பதிவுக்கே நேரம் கிடைப்பது கடினம் என்பதால், மூன்று மாதக் கதவு திறந்த வாரத்திலேயே விண்ணப்பித்துவிடுங்கள்.

மலேசியா, சிங்கப்பூர், கனடா கடவுச்சீட்டு உள்ளவர்களுக்கு விசா வேண்டாம். ஆனால் 2025 ஜனவரி 8 முதல் இடிஏ எனப்படும் மின்னணுப் பயண அனுமதி கட்டாயம். கைக்குழந்தைக்கும் தனியாக எடுக்க வேண்டும். இதை மறந்துவிட்டு விமான நிலையத்தில் கைபிசைந்து நிற்கும் குடும்பங்கள் இன்றும் உண்டு.

ஆட்ட டிக்கெட் கையில் இருந்தால் விசா உறுதி என்று நினைக்காதீர்கள். அதிகாரி பார்ப்பது உங்கள் வருமானம், செலவுக் கணக்கு, திரும்பிச் செல்வதற்கான காரணம் ஆகியவற்றைத்தான். அதனால் விசா வரும்வரை பணம் திரும்பக் கிடைக்காத விமான டிக்கெட்டை வாங்காதீர்கள்.

3. இருக்கை: இங்கேதான் அதிகம் தவறுகிறார்கள்

வெம்பிளியில் 90,000 இருக்கைகள் மூன்று பெரிய மட்டங்களில் அமைந்திருக்கின்றன. பிளாக் எண்ணின் முதல் இலக்கம் மட்டத்தைச் சொல்லும். 1 என்று தொடங்கினால் கீழ் மட்டம், 2 என்றால் நடு மட்டம், 5 என்றால் உச்சி. விலை குறைவு என்று 5-இல் தொடங்கும் பிளாக்கை எடுப்பவர்கள் அதன் செங்குத்தை நினைத்துப் பார்ப்பதில்லை. அந்த மட்டம்வரை நகரும் படிக்கட்டும் லிப்டும் கொண்டுபோய்விடும். அதற்குப் பிறகு இருக்கைவரை கைப்பிடியைப் பற்றிக்கொண்டு ஏறத்தான் வேண்டும். உயரத்துக்கு அஞ்சுபவருக்கும் முழங்கால் வலிப்பவருக்கும் அது ஏற்ற இடமில்லை.

சக்கர நாற்காலிக்கு 310 இடங்கள் இருக்கின்றன. சக்கர நாற்காலியில் வராவிட்டாலும் படி ஏற முடியாதவருக்கு எளிதில் சென்றடையும் இருக்கைகள் உண்டு. இந்த இரண்டாவது வகை இருப்பதே நம்மில் பலருக்குத் தெரிவதில்லை. மூட்டு வாதம், இதய நோய், பார்வைக் குறைபாடு, ஆட்டிசம் என்று மருத்துவச் சான்று இருந்தால் அதை ஆங்கிலத்தில் வாங்கி, ஸ்கேன் செய்து வைத்துக்கொள்ளுங்கள். சான்று கேட்டால் உடனே அனுப்ப முடிய வேண்டும். அதைத் தேடிக்கொண்டிருக்கும் நேரத்தில் இருக்கை போய்விடும்.

உதவியாளருக்கான இருக்கையை முதல் விண்ணப்பத்திலேயே கேளுங்கள். 2024 யூரோவில் மாற்றுத்திறனாளி டிக்கெட்டோடு உதவியாளர் டிக்கெட்டை இலவசமாகத் தந்தார்கள். தனித்தனியாக வாங்கிவிட்டு "பக்கத்தில் போட்டுக்கொடுங்கள்" என்று பின்னால் கேட்டால் கிடைப்பது அரிது.

டிக்கெட்டை எங்கே வாங்குவது? இங்கிலாந்து ஆட்டங்களுக்கு எஃப்ஏ எனப்படும் இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கத்தின் தளம், யூரோவுக்கு யூஇஎஃப்ஏ எனப்படும் ஐரோப்பியக் கால்பந்துக் கூட்டமைப்பின் தளம். அனுமதியில்லாமல் கால்பந்து டிக்கெட்டை மறுவிற்பனை செய்வது இங்கிலாந்தில் 1994 முதல் குற்றம். மறுவிற்பனைத் தளத்தில் இரட்டிப்பு விலை கொடுத்து வாங்கியவர் வாயிலில் தடுக்கப்பட்டால் அவருக்கு அங்கே வேறு வழி இல்லை.

நம் பெயர்களுக்கென்று ஒரு சிக்கல் இருக்கிறது. தந்தை பெயரை முதலெழுத்தாக எழுதும் வழக்கத்தால் கடவுச்சீட்டில் ஒருவிதமாகவும் வங்கி அட்டையில் வேறுவிதமாகவும் பெயர் இருக்கும். டிக்கெட் கணக்கில் கடவுச்சீட்டில் உள்ளபடியே, எழுத்துக்கு எழுத்து, நிரப்புங்கள்.

இன்னொன்று. எந்த அணிக்கான பகுதி என்று பார்த்து வாங்குங்கள். சொந்த அணி ரசிகர்களின் பகுதியில் எதிரணிச் சட்டையோடு போனால் உள்ளே விட மறுக்கலாம். உள்ளே விட்டாலும் நிம்மதியாகப் பார்க்க முடியாது. குழந்தைகளோடு வருவோர் கோல் கம்பங்களுக்குப் பின்னால் உள்ள பகுதிகளைத் தவிர்ப்பது நல்லது. அங்கே ஆட்டம் முழுக்க ஆட்கள் எழுந்தே நிற்பார்கள், குட்டைப் பிள்ளைகளுக்கு முதுகுதான் தெரியும்.

4. தங்குமிடம்: படத்தில் உள்ள இரண்டு சக்கர நாற்காலிகள்

மைதானத்துக்கு அருகில் என்ற ஒரே காரணத்துக்காக வெம்பிளியில் அறை தேடாதீர்கள். ஆட்ட நாளில் விலை ஏறும், தெருக்கள் அடைபடும். வெம்பிளிக்குச் செல்லும் ஜூபிலி ரயில் பாதையில், படியே இல்லாமல் சென்றடையக்கூடிய ஒரு நிலையத்துக்குப் பக்கத்தில் தங்குங்கள்.

லண்டன் டியூப் (நிலத்தடி ரயில்) வரைபடத்தில் சக்கர நாற்காலிச் சின்னம் இரண்டு விதமாக வரும். நீல வட்டத்தில் வெள்ளை நாற்காலி என்றால் தெருவிலிருந்து ரயில் பெட்டிவரை படியில்லை. வெள்ளை வட்டத்தில் நீல நாற்காலி என்றால் தெருவிலிருந்து நடைமேடைவரைதான் படியில்லை. அங்கிருந்து பெட்டிக்குள் ஏற இடைவெளியோ உயர வேறுபாடோ இருக்கும். கைத்தடியோடு வருபவருக்கு இரண்டாவதும் போதும். சக்கர நாற்காலிக்கு முதலாவது வேண்டும், இல்லையென்றால் ஊழியரிடம் சரிவுப்பலகை கேட்க வேண்டும்.

ஜூபிலி பாதையில் வெஸ்ட்மின்ஸ்டர் முதல் ஸ்ட்ராட்போர்டுவரை உள்ள பகுதி 1999-இல் திறக்கப்பட்டது. அதன் நிலையங்கள் எல்லாவற்றிலும் லிப்ட் உண்டு. எனக்குக் கேட்டால் ஸ்ட்ராட்போர்டைத்தான் சொல்வேன். அங்கிருந்து மைதானத்துக்கான நிலையமான வெம்பிளி பார்க்குக்கு ரயில் மாறாமல் போகலாம். ரயில் புறப்படும் நிலையம் அதுவே என்பதால் அம்மாவுக்கு உட்கார இடம் கிடைத்துவிடும். முக்கால் மணி நேரப் பயணம். இருபது நிமிடம் மட்டும் நிற்கக்கூடியவருக்குப் பக்கத்து நிலையத்தில் ஏறி நின்றுகொண்டே போவதைவிட இதுவே மேல்.

பேக்கர் ஸ்ட்ரீட்டில் மட்டும் விழுந்துவிடாதீர்கள். வரைபடத்தில் ஐந்து பாதைகள் சந்திக்கும் வசதியான இடமாகத் தெரியும். ஆனால் படியில்லாத வழி அங்கே இல்லை. ஜூபிலி நடைமேடையிலிருந்து வெளியே வர நகரும் படிக்கட்டும் கற்படிகளும்தான்.

ஹீத்ரோவில் இறங்கினால் எலிசபெத் பாதையில் பாண்ட் ஸ்ட்ரீட்வரை வந்து, லிப்டில் மாறி ஜூபிலி பிடிக்கலாம். முழுவதும் படியில்லாத வழி. பெட்டிகளோடும் பெரியவர்களோடும் வருவோருக்கு இதைவிட எளிய வழியை நான் பார்க்கவில்லை.

உறவினர் வீட்டில் தங்குகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. "நான் காரிலேயே கொண்டுவந்து விட்டுவிடுகிறேன்" என்று மாமாவோ சித்தப்பாவோ அன்போடு சொல்வார்கள். ஆட்ட நாளில் மைதானத்தைச் சுற்றியுள்ள தெருக்களில் அங்கே குடியிருப்போரின் அனுமதி அட்டை உள்ள வண்டிகளைத்தான் நிறுத்த முடியும். பல சாலைகள் மூடப்படும். கடைசியில் ஒரு மைல் தள்ளி இறக்கிவிட்டு, ரயிலில் வந்திருந்தால் நடக்க வேண்டியதைவிட அதிகம் நடக்க வைப்பார்கள். அவர் காரை ஆட்டம் இல்லாத நாளில் ஊர் சுற்றப் பயன்படுத்துங்கள்.

5. பயணக் கட்டணம்

ஒருவருக்கு ஒரு அட்டை. தொட்டுக் கட்டணம் செலுத்தும் வங்கி அட்டை, கைபேசி, பணம் ஏற்றிப் பயன்படுத்தும் லண்டனின் ஆய்ஸ்டர் பயண அட்டை, எதுவாக இருந்தாலும் நுழையும்போது எதைத் தொட்டீர்களோ வெளியேறும்போதும் அதையேதான் தொட வேண்டும். அட்டையும் அதே அட்டை ஏற்றிய கைபேசியும் ஒன்றுதானே என்று நினைத்து மாற்றித் தொட்டால், அவை இரண்டு தனிப் பயணங்களாகக் கணக்கிடப்பட்டு அதிகபட்சக் கட்டணம் இரு முறை பிடிக்கப்படும்.

பத்து வயதுவரை உள்ள பிள்ளைகள் பெரியவரோடு வந்தால் டியூபில் இலவசம், ஒருவரோடு நால்வர் வரை. 11 முதல் 15 வயதினருக்கு ஆய்ஸ்டர் அட்டை வாங்கி, நிலைய ஊழியரிடம் கொடுத்து இளம் வருகையாளர் சலுகையைப் பதியச் சொல்லுங்கள். 14 நாட்களுக்குக் கட்டணம் பாதியாகும். கேட்டால்தான் பதிவார்கள்.

பஸ்கள் எல்லாம் தாழ்தளம், எல்லாவற்றிலும் சரிவுப்பலகை உண்டு. சக்கர நாற்காலி இடத்தில் குழந்தை வண்டி நின்றால் நாற்காலிக்கே முன்னுரிமை. கூச்சப்படாமல் ஓட்டுநரிடம் சொல்லுங்கள்.

6. ஆட்டத்துக்கு இரண்டு நாள் முன்பு ஓர் ஒத்திகை

பலரும் தேவையில்லை என்று விடுவது இதைத்தான். எனக்கு மிக முக்கியமாகப் படுவதும் இதுதான்.

ஆட்டம் இல்லாத ஒரு மதியம் வெம்பிளி பார்க் நிலையத்தில் இறங்குங்கள். டிக்கெட் வாயிலைத் தாண்டியதும் எதிரே அகன்ற படிக்கட்டு கீழே இறங்கும். அதன் அடியிலிருந்து ஒலிம்பிக் வே என்னும் நடைபாதை நேராக மைதானத்துக்குப் போகிறது. ஆட்ட நாளில் கூட்டம் உங்களை அந்தப் படிகளை நோக்கித் தள்ளிக்கொண்டு போகும். லிப்ட் ஓரத்தில் இருக்கிறது. அதை முன்கூட்டியே பார்த்து வைக்காதவர் கூட்டத்துக்குக் குறுக்கே திரும்பி வர முடியாமல் தவிப்பார். மைதானத்தின் முன்னாலும் இன்னொரு பெரிய படிக்கட்டு இருக்கிறது, அதற்கும் பக்கத்திலேயே லிப்ட் உண்டு.

அம்மாவோடு நடந்தபோது நிலையத்திலிருந்து மைதான வாசல்வரை பதினாறு நிமிடம் ஆயிற்று. இடையில் ஒருமுறை உட்கார்ந்தார். எந்த இடத்தில் உட்கார்ந்தார் என்பதை அன்று குறித்துக்கொண்டேன். ஆட்ட நாளில் அதே இடத்தில், பின்னால் வருபவர்கள் மோதாதபடி ஓரமாக ஒதுங்கி, அவரை உட்கார வைக்க முடிந்தது.

இரைச்சலுக்கு அஞ்சும் பிள்ளைகளுக்கு இந்த ஒத்திகை இன்னும் பெரிய உதவி. அக்கா மகன் வெறிச்சோடிய மைதானத்தைச் சுற்றி நடந்து, மேலே வளைந்து நிற்கும் 133 மீட்டர் உயர வளைவை அண்ணாந்து பார்த்து, "இங்கேதான் சத்தம் வருமா?" என்று கேட்டான். இடத்தை முன்பே பார்த்திருந்ததால் ஆட்ட நாளில் அவனுக்குச் சத்தம் மட்டும்தான் புதிது.

லண்டன் போக்குவரத்துத் துறையின் டிஎஃப்எல் கோ செயலியில் படியில்லா வழிகளை மட்டும் காட்டும் வரைபடம் இருக்கிறது. எந்த நிலையத்தில் லிப்ட் பழுது என்பதும் அதில் வரும். ஒத்திகை நாளிலும் ஆட்ட நாள் காலையிலும் பார்த்துவிடுங்கள்.

7. பை

ஏ4 தாள் அளவைத் தாண்டாத ஒரு சிறு பை. அதைவிடப் பெரியதை உள்ளே விடமாட்டார்கள். மருத்துவத் தேவைக்கான பொருட்கள் இருந்தால் மருந்துச் சீட்டோடு கொண்டு வாருங்கள், பை பெரிதாக இருக்கும் என்றால் மைதானத்துக்கு முன்பே மின்னஞ்சல் அனுப்பி ஒப்புதல் பெறுங்கள். வாயிலில் நிற்பவரிடம் வாதாடுவதைவிட ஒரு மின்னஞ்சலைக் காட்டுவது எளிது.

உள்ளே ரொக்கம் செல்லாது, அட்டைதான். டிக்கெட் கைபேசியில் இருக்கும். அதனால் கூடுதல் பேட்டரி கட்டாயம் வேண்டும், அணைந்த கைபேசி டிக்கெட் இல்லாத கை. காதடைப்பான், குளிருக்கு ஒரு மேலாடை, மழையங்கி. இருக்கைகள் எல்லாம் கூரைக்கு அடியில்தான், மழை படுவது வெளியே வரிசையில் நிற்கும்போது.

வெளியே தெரியாத குறைபாடு உள்ளவர்கள் சூரியகாந்திப் படம் போட்ட பச்சைக் கழுத்துப்பட்டையை அணியலாம். ஹீத்ரோவில் இலவசமாகக் கிடைக்கிறது. ரயிலில் இருக்கை கேட்கக் கூச்சப்படுபவர்களுக்கு "தயவுசெய்து எனக்கு இருக்கை தாருங்கள்" என்று எழுதிய நீல வில்லை இருக்கிறது. உறவினர் முகவரிக்கு முன்கூட்டியே வரவழைத்துக்கொள்ளுங்கள். அம்மாவுக்கு ஆங்கிலத்தில் கேட்கத் தயக்கம். அந்த வில்லையைப் பார்த்ததும் பள்ளிச் சீருடையில் இருந்த ஒரு பெண் சட்டென எழுந்து இடம் கொடுத்தாள்.

8. வாயிலுக்கு எப்போது போவது

ஆட்டம் தொடங்க இரண்டு மணி நேரம் முன்பு ஒலிம்பிக் வேயில் இருங்கள். கடைசி முக்கால் மணியில் மதுக்கடைகளிலிருந்து வரும் கூட்டமும் சோதனை வரிசையும் ஒன்றாகச் சேரும்.

இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 2021 ஜூலை 11 அன்று யூரோ இறுதி ஆட்டத்தில் டிக்கெட் இல்லாதவர்கள் மைதானத்துக்குள் முண்டியடித்து நுழைந்தார்கள். மாற்றுத்திறனாளிகளுக்கான வாயில்களையும் அவசரக் கதவுகளையும் குறிவைத்து 17 முறை கூட்டமாக உடைத்துப் புகுந்ததை அடுத்து வந்த விசாரணை அறிக்கை பதிவு செய்தது. எளியவர்களுக்காகத் திறக்கும் கதவுதான் முதலில் தாக்கப்பட்டது. பெரிய ஆட்டங்களில் முன்கூட்டியே உள்ளே போய்விடுவது சக்கர நாற்காலியில் வருபவருக்குப் பாதுகாப்பு.

டிக்கெட்டில் வாயில் எழுத்து, பிளாக், வரிசை, இருக்கை என்று நான்கு விவரங்கள் இருக்கும். முதலில் பார்க்க வேண்டியது வாயில் எழுத்து. தவறான வாயிலுக்குப் போனால் மைதானத்தைப் பாதி சுற்ற வேண்டும். அம்மாவின் இருபது நிமிடம் அதிலேயே தீர்ந்துவிடும்.

பெண்களை பெண் ஊழியர்தான் சோதனையிட வேண்டும். தலைமுக்காடு, தலைப்பாகை அணிந்தவர்கள் தனியிடத்தில் சோதிக்கும்படி கேட்கலாம்.

9. உள்ளே

உட்கார்ந்ததும் செய்ய வேண்டிய முதல் வேலை, ஆரஞ்சு அல்லது மஞ்சள் மேலங்கி அணிந்த உதவிப் பணியாளர் எங்கே நிற்கிறார் என்று பார்ப்பது. மைதானத்தில் எதுவானாலும் அவரிடமிருந்துதான் தொடங்கும்.

2,618 கழிவறைகள் இருந்தும் இடைவேளையின் பதினைந்து நிமிடத்தில் எல்லாவற்றுக்கும் வரிசை நிற்கும். ஆட்டத்தின் முப்பத்தைந்தாவது நிமிடத்தில் எழுந்து போங்கள். ஒரு கோல் தவறலாம், பெரியவரும் பிள்ளையும் நிம்மதியாக இருப்பார்கள். படுக்க வைத்து உடை மாற்றும் வசதியுள்ள பெரிய கழிவறையும் இருக்கிறது, இடத்தை ஊழியரிடம் கேளுங்கள்.

பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்காகக் காதில் கேட்கும் வர்ணனைக் கருவி தருகிறார்கள். ஆட்டத்தை விரிவாகச் சொல்லும் அந்த வர்ணனை ஆங்கிலத்தில்தான். இரைச்சல் தாங்காதவர்களுக்குக் கண்ணாடி வழியாக ஆட்டம் பார்க்கும் அமைதி அறை உண்டு. இரண்டையும் முன்கூட்டியே பதிய வேண்டும். அன்று போய்க் கேட்டால் இடம் இருக்காது.

ஆடுகளம் தெரியும் இடத்தில் மது அருந்த 1985-ஆம் ஆண்டுச் சட்டம் தடை விதிக்கிறது. அதனால் இருக்கையில் உட்கார்ந்திருக்கும்வரை மது வாடை குறைவு. வெளிக்கூடத்தில்தான் கூச்சல். இதை முன்பே தெரிந்திருந்தால் குடும்பத்தோடு வருவோர் இடைவேளையிலும் இருக்கையை விட்டு எழாமல் இருக்கலாம்.

முதல்முறை வரும் பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் மகளிர் ஆட்டத்தைப் பரிந்துரைக்கிறேன். 2022 மகளிர் யூரோ இறுதிக்கு 87,192 பேர் இங்கே வந்தார்கள். அத்தனை கூட்டத்திலும் குடும்பங்களே நிறைந்திருந்தன.

10. யாராவது இழிவாகப் பேசினால்

நிறம், மதம், பாலினம், ஊனம், யாரை நேசிக்கிறோம் என்பது, எதை வைத்து இழிவு செய்தாலும் பொறுத்துக்கொண்டு வீடு திரும்பத் தேவையில்லை. மைதானத்தில் இனவெறிக் கோஷம் 1991 முதல் குற்றம்.

முதலில் குறியுங்கள்: நேரம், பிளாக், வரிசை, பேசியவர் உட்கார்ந்திருக்கும் இருக்கை. "பின்னால் இருந்த ஒருவர்" என்று சொன்னால் கண்காணிப்புக் கேமராவில் தேட முடியாது. இருக்கை எண் சொன்னால் ஒரு நிமிடத்தில் கண்டுபிடிப்பார்கள். பிறகு பணியாளரிடம் சொல்லுங்கள். ரயிலில் நடந்தால் 61016 என்ற எண்ணுக்குக் குறுஞ்செய்தி அனுப்புங்கள், அது பிரிட்டிஷ் போக்குவரத்துக் காவல்துறையின் எண். ரயிலுக்குள் எதிராளி பக்கத்தில் நிற்கும்போது பேச முடியாது, குறுஞ்செய்தி அனுப்ப முடியும். உயிருக்கு ஆபத்து என்றால் 999. கால்பந்தில் பாகுபாட்டை எதிர்க்கும் கிக் இட் அவுட் அமைப்பிடமும் புகார் செய்யலாம், 1993 முதல் இந்த வேலையையே செய்து வருகிறார்கள்.

நேரடியாக வாக்குவாதம் செய்யாதீர்கள். இருவரையும் வெளியேற்றிவிடுவார்கள்.

11. திரும்பி வருதல்: உண்மையான சோதனை இங்கேதான்

வரும்போது கூட்டம் மூன்று மணி நேரம் பரவி வருகிறது. போகும்போது அரை மணியில் ஒன்றாகக் கிளம்புகிறது. ஒலிம்பிக் வேயில் காவலர்கள் "நில்", "செல்" என்று எழுதிய பலகைகளை உயர்த்தி, கூட்டத்தைத் துண்டு துண்டாக விடுவார்கள். நிற்க முடியாதவருக்கு அதுதான் மிகக் கடினமான இடம். உட்கார இடமில்லை, ஒதுங்க வழியில்லை.

இரண்டு வழிகள் இருக்கின்றன. ஆட்டம் முடியப் பத்து நிமிடம் முன்பே கிளம்புவது. அல்லது முடிந்த பின் நாற்பது நிமிடம் அங்கேயே அமர்ந்திருந்துவிட்டு, கூட்டம் வடிந்ததும் போவது. நான் எப்போதும் இரண்டாவதைத்தான் தேர்ந்தெடுக்கிறேன். கடைசி நிமிட கோல் தவறாது, பிள்ளைகள் வெறுமையாகும் மைதானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். பணியாளர்கள் இருக்கையை விட்டு எழச் சொன்னால் வெளியே மைதானத்தை ஒட்டிய திறந்தவெளியில் ஒதுங்கி உட்காருங்கள். பாதியில் மட்டும் மாட்டிக்கொள்ளாதீர்கள். முடிந்ததும் பத்து நிமிடம் கழித்துக் கிளம்புவதுதான் மிக மோசமான நேரம்.

லிப்ட் தேவைப்படுபவர்கள் வரிசையில் சேருவதற்கு முன்பே அதைப் பணியாளரிடம் சொல்லுங்கள். நிலையத்தில் அவர்களுக்கு வேறு வழி விடுவார்கள். வரிசைக்கு நடுவே போன பிறகு சொன்னால் அவர்களாலும் எதுவும் செய்ய முடியாது.

பிரிந்து போனால் எங்கே சந்திப்பது? எல்லோரும் சொல்வது மைதானத்தின் முன்னால் உள்ள பாபி மூர் சிலை. ஆயிரம் பேர் அதே முடிவில் இருப்பதால் அங்கே யாரையும் கண்டுபிடிக்க முடியாது. உங்கள் வாயில் எழுத்தின் அடியில், வெளியே இடது ஓரம் என்று முடிவு செய்யுங்கள். அந்த நெரிசலில் கைபேசி வேலை செய்யாது, அதனால் காலையிலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளையின் கையில் உங்கள் எண்ணைப் பேனாவால் எழுதிவிடுங்கள்.

தோற்ற அணி போட்டியிலிருந்தே வெளியேறும் நாக்-அவுட் ஆட்டங்களில் கூடுதல் நேரமும் பெனால்டியும் வரலாம். அப்போது இரவு 8 மணி ஆட்டம் 11 மணியை நெருங்கிவிடும். வெள்ளி, சனி இரவுகளில் ஜூபிலி பாதை விடிய விடிய ஓடும். மற்ற இரவுகளில் கடைசி ரயில் எப்போது என்பதைத் தாளில் எழுதி வையுங்கள். ரயில் தவறினால் கறுப்பு டாக்ஸி நல்லது. லண்டன் கறுப்பு டாக்ஸிகள் எல்லாவற்றிலும் சக்கர நாற்காலி ஏறும். மைதானத்தை விட்டுச் சற்றுத் தள்ளி நடந்த பிறகு கூப்பிடுங்கள், மூடிய சாலைக்குள் எந்த வண்டியும் வராது.

12. மற்ற நாட்கள்

ஆட்டத்துக்கு மறுநாள் எதுவும் திட்டமிடாதீர்கள். பெரியவர்களின் கால் அன்றுதான் வலிக்கும்.

அதற்கடுத்த நாள் வெம்பிளி சென்ட்ரல் பக்கம் ஈலிங் ரோட்டுக்குப் போங்கள். சைவ உணவகங்கள், காய்கறிக் கடைகள், புடவைக் கடைகள் வரிசையாக இருக்கும், தமிழில் பேசிச் சாப்பிடலாம். வெம்பிளியில் ஈழபதீஸ்வரர் ஆலயமும் இருக்கிறது. பிரிட்டிஷ் அருங்காட்சியகம், அறிவியல் அருங்காட்சியகம் இரண்டுக்கும் நுழைவுக் கட்டணம் இல்லை, இரண்டிலும் லிப்டும் இரவல் சக்கர நாற்காலியும் உண்டு. தன்பாலின இணையராக வருகிறவர்கள் சோஹோவின் ஓல்ட் காம்ப்டன் ஸ்ட்ரீட்டில் யாருக்கும் விளக்கம் சொல்லாமல் கைகோத்து நடக்கலாம்.

நகரில் பூட்டியிருக்கும் மாற்றுத்திறனாளிக் கழிவறைகளைத் திறக்க ராடார் சாவி என்று ஒன்று இருக்கிறது. சில பவுண்டுகள்தான், இணையத்தில் வாங்கலாம். நாடு முழுவதும் ஆயிரக்கணக்கான கழிவறைகளுக்கு அதே சாவிதான். ஊருக்குத் திரும்பும்போது அதை உறவினர் வீட்டில் கொடுத்துவிட்டுப் போங்கள். என் வீட்டு ஆணியில் அப்படி இரண்டு தொங்குகின்றன, அடுத்து வருபவர்களுக்காக.